இந்த ஆத்தில் சொஜ்ஜி கிடையாது

அத்தியாயம் ஏழு

குழாய் தினமும் நீலமாகவே இருந்தது. ஆனால் எறும்பு மட்டும் நிற்கவில்லை. சென்ற வாரம் இந்த இடத்தில்தான் விட்டோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. சேலையூர் ஸ்ரீநிவாசராகவன், ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க். சர்க்கரை வியாதிக்காரர். பூட்ஸ் ஆணி குத்தி இடது கால் கட்டைவிரலில் ஏற்பட்ட புண் பங்குனி போய்ச் சித்திரை வந்தும் ஆறவில்லை. அவருடைய ஒரே பெண் பத்மாசனி, பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். காலையில் அப்பாவின் சிறுநீரை வாங்கி, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்ப்பது அவள் வழக்கம். நீலம் மாறாவிட்டால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று போனால் கவலை. செங்கல் நிறம் வந்தால் ஆபத்து.

நீலம் மாறவே இல்லை. ஆனால் குளியலறைச் சாக்கடையில் எறும்பு சாரை சாரையாக மொய்த்தது. பத்மாசனி யோசித்தாள், விசாரித்தாள், பிடித்தாள். மகளிடம் அப்பா கொடுத்துக்கொண்டிருந்தது அவருடையதே இல்லை. அம்மாவினுடையது!

"அப்பா கேட்டார், கொடுத்தேன். ஆத்துக்காரர் வாய் திறந்து ஒண்ணு கேட்டா இல்லேன்னா சொல்வா?" என்றாள் கோமளம், பக்கத்து வீட்டுக்குக் காப்பிப் பொடி கொடுத்தனுப்பியவள் மாதிரி.

இத்தனையும் சனிக்கிழமை நடந்தது. மறுநாள் ஞாயிறு. மூன்று மணிக்குப் பத்மாசனியைப் பெண் பார்க்கக் கீழ்க்கட்டளையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீநிவாசராகவன் குளியலறைக் கதவைத் திறந்தபோது, வாசலில் மகள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இது என்னடி, பெத்த அப்பனுக்குக் காவலா?"

"ஆமாம்ப்பா. பாட்டிலைக் கொடுங்கோ."

"நம்பிக்கை இல்லையா?"

"இருந்தது. நேத்தோட போச்சு."

பின்கட்டில் ஸ்பிரிட் விளக்கு எரிந்தது. குழாயில் இருந்த நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மஞ்சளிலும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அடியில் செங்கல் பொடியைக் கரைத்துவிட்டாற்போல் தங்கியது. இவ்வளவு மோசமாக இருக்கும் என்று பத்மாசனி நினைக்கவில்லை.

அதை அப்படியே கொண்டுபோய் அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

ஸ்ரீநிவாசராகவன் ஹிந்து பேப்பரைத் தாழ்த்திக் குழாயைப் பார்த்தார். "கலர் ரொம்ப நன்னா இருக்கே! உங்கம்மாவுக்கு இதே கலர்ல ஒரு புடவை எடுக்கணும்."

"அப்பா, வியாழக்கிழமை டாக்டர் என்ன சொன்னார்?"

"அவர் ஆயிரம் சொல்லுவார்."

"சர்க்கரையைக் குறைக்கலேன்னா விரலை எடுத்துடணும்னு சொன்னார். நான் பக்கத்துல நின்னு கேட்டுண்டிருந்தேன். விரலோட நிக்காது, பாதம் வரைக்கும் போகலாம்னும் சொன்னார். அதுக்கப்புறம் பார்க் ஸ்டேஷன் படிக்கட்டு எப்படி ஏறப்போறேள்?"

"வாய்க்கு ருசியா சாப்பிடாம, பத்து விரலையும் வெச்சுண்டு என்ன கிழிக்கப் போறேன்? ஆபீஸ்ல அத்தனை பேரும் காண்டீன்ல ஜாங்கிரி சாப்பிடறான். நான் மட்டும் நோயாளி மாதிரி மோரைக் குடிச்சுண்டு உக்காரணுமா?"

"நீங்க நோயாளிதாம்ப்பா."

இந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு ஆகாது. புண்ணைவிட அதிகமாக அவரைக் குத்தியது அதுதான். பேப்பர் மறுபடி முகத்துக்கு மேலே ஏறிவிட்டது.

*

சமையலறையில் கோமளம் ரவையை வறுக்க வாணலியை எடுத்தாள். மகள் அதைப் பிடுங்கி மறுபடி ஆணியில் மாட்டினாள்.

"இன்னிக்குச் சொஜ்ஜி கிடையாதும்மா."

"என்னடி பேத்தறே? பெண் பார்க்க வரா. சொஜ்ஜி பஜ்ஜி இல்லாம எந்த ஊர்ல பெண் பார்த்திருக்கா?"

"இந்த ஊர்ல, இந்த ஆத்துல பார்க்கட்டும். கேழ்வரகு மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன். முருங்கைக்கீரை போட்டு அடை. பயத்தம்பருப்புச் சுண்டல். எல்லாருக்கும் அதுதான்."

கோமளம் மெல்லிய குரலில், ஆனால் படபடவென்று பேசினாள். அவள் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இதற்கு முன் வந்த இரண்டு வரனும் நின்றுபோனதற்கு என்ன காரணம்? 'பெண்ணின் தகப்பனாருக்குச் சர்க்கரையாமே, பரம்பரையில் வருமாமே' என்று யாரோ ஊதிவிட்டதுதான். இந்த முறை தரகரிடம்கூட மூச்சு விடவில்லை. காலில் கட்டு எதற்கு என்று கேட்டால் சுளுக்கு என்று சொல்லப் போகிறார்கள். இந்த நிலையில் எல்லாருக்கும் சொஜ்ஜி வைத்துவிட்டுத் தகப்பனாருக்கு மட்டும் வைக்காவிட்டால் கேள்வி வராதா? பெண் பார்க்கிற வீட்டில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதுதானே மரியாதை?

வெளியிலிருந்து ஸ்ரீநிவாசராகவன் குரல் கொடுத்தார்.

"உங்கம்மா சொல்றதுதான் சரி. எனக்கொண்ணும் சொஜ்ஜி மேலே ஆசை இல்லை. உன் கல்யாணத்துக்காக நான் அதைச் சாப்பிட்டுத்தான் ஆகணும். பெத்தவன் இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

தியாகம்! நெய்யில் வறுத்த முந்திரிப்பருப்போடு ஒரு தியாகம். இந்தத் தியாகத்துக்காகவே மனிதர் வாரம் ஒரு ஜாதகம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாரோ என்ற சந்தேகம் பத்மாசனிக்கு ரொம்ப நாளாக உண்டு. போன தடவை வந்த வரனைப் பிடிக்கவில்லை என்று முன்னாலேயே முடிவுசெய்துவிட்டு, அவர்கள் வந்து போகட்டும் என்று காத்திருந்தவர் அவர். அன்றைக்கு மூன்று கரண்டி சொஜ்ஜி உள்ளே போயிற்று.

அவள் கூடத்துக்கு வந்து அப்பாவின் எதிரே நின்றாள்.

"உங்க கால் போய்த்தான் எனக்குக் கல்யாணம் ஆகணும்னா, எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா. உங்க தட்டுல தித்திப்பு இருந்தா நான் பிடுங்குவேன். யார் இருந்தாலும் பிடுங்குவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"பிடுங்குவியா? அதையும் பார்த்துடறேன்."

"பாருங்கோ."

"கேழ்வரகு கூலிக்காரா சாப்பிடறதுடி. சம்பந்தியா வரவாளுக்கு அதைப் போட்டா என்ன நினைப்பா?"

"நமக்குப் பசி எடுக்கிறது, ஜீரணம் ஆறதுன்னு நினைச்சுக்கட்டும்."

கோமளம் நடுவில் வந்து இருவரையும் பார்த்தாள். "சரி, சரி, சத்தம் போடாதேங்கோ. பத்மா சொல்றபடியே ஆகட்டும். அடையே பண்ணிடறேன்" என்றாள்.

அம்மா இவ்வளவு சுலபமாக இறங்கிவந்ததைப் பத்மாசனி சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சிறுநீர் விஷயத்திலேயே ஆத்துக்காரருக்குத் துணைபோனவள் அல்லவா? ஆனால் பெண்ணுக்கு அப்போது மனசு பூராவும் அந்தச் செங்கல் நிறத்தில் இருந்தது. அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனாள். அவள் போன கையோடு வாணலி மறுபடி ஆணியிலிருந்து இறங்கியது.

*

கீழ்க்கட்டளைக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் ஸ்ரீரங்கன், பல்லாவரத்தில் ஒரு பாங்கில் வேலை. ஒடிசலாக, அடக்கமாக இருந்தான். அவன் அம்மா குமுதவல்லி அடக்கத்துக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாதவள். உள்ளே வந்ததும் மின்விசிறி, வானொலிப் பெட்டி, சுவரில் இருந்த ஈரம் எல்லாவற்றையும் கண்ணாலேயே எடைபோட்டாள். கடைசியாக வந்தவர் பையனின் அப்பா தேசிகாச்சாரி. கோட்டும் குடையும் வியர்வையுமாக வந்தார். வந்ததும் தண்ணீர் கேட்டார். ஒரு செம்பு குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார்.

ஸ்ரீநிவாசராகவன் கட்டுப்போட்ட காலை டீப்பாய்க்கு அடியில் மறைத்து, வேஷ்டிக் கரையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கால்ல என்ன?" என்றாள் குமுதவல்லி. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"சுளுக்கு. ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்."

கோமளம் தட்டுகளைக் கொண்டுவந்தாள். எவர்சில்வர் தட்டில் தங்க நிறத்தில் சொஜ்ஜி. நெய் ஓரத்தில் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வாழைக்காய் பஜ்ஜி. பேசிவைத்த அடை அடுப்படியில் மூடிபோட்டு உட்கார்ந்திருந்தது.

"பேஷ்!" என்றார் தேசிகாச்சாரி. தட்டு கைக்கு வருவதற்குள்ளேயே ஒரு வாய் உள்ளே போய்விட்டது.

ஸ்ரீநிவாசராகவன் தம் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். எத்தனை நாள் பசி! முதல் கரண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இரண்டாவது கரண்டியைச் சேர்த்து எடுக்கும்போது உள்ளறைக் கதவு திறந்தது.

பத்மாசனி காப்பித் தட்டோடு வந்தாள். மாம்பழக் கலர் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ. குனிந்து காப்பியை டீப்பாயின் மேல் வைத்தாள். ஆவி பறந்தது. நிமிர்ந்தவள் அப்பாவின் மடியைப் பார்த்தாள்.

"அப்பா, தட்டைக் கொடுங்கோ."

"விழுந்து சேவிச்சுக்கோ, பத்மா" என்றாள் கோமளம் அவசரமாக.

"அப்புறம் சேவிக்கறேன். தட்டைக் கொடுங்கோப்பா."

ஸ்ரீநிவாசராகவன் சிரித்தார். "குழந்தைக்கு எப்பவும் என் தட்டுல இருந்துதான் எடுத்துக்கணும். செல்லம்!"

"இது என்ன வேடிக்கை?" என்றாள் குமுதவல்லி.

பத்மாசனி அவள் பக்கம் திரும்பினாள்.

"வேடிக்கை இல்லை மாமி. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. கால்ல இருக்கிறது சுளுக்கு இல்லை, ஆறாத புண். இந்தத் தட்டைச் சாப்பிட்டார்னா விரல் போயிடும். உங்ககிட்டே மறைக்கணும்னுதான் இவர் இதைச் சாப்பிடறார்."

கோமளம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"பொய்!" என்று கத்தினார் ஸ்ரீநிவாசராகவன். "உள்ளே போடி! எனக்கு ஒரு வியாதியும் இல்லை!"

அதை நிரூபிக்கிற மாதிரி அவர் ஒரு பெரிய கவளத்தை வாயில் திணித்துக்கொண்டார். பத்மாசனி தட்டின் விளிம்பைப் பிடித்தாள். அவர் விடவில்லை. அவளும் விடவில்லை. நாலு பேர் பார்க்க, ஹெட் கிளார்க்கும் சயன்ஸ் டீச்சரும் ஒரு தட்டுச் சொஜ்ஜிக்காக இழுபறி நடத்தினார்கள். அவர் முழங்கை டீப்பாயில் இடித்தது. காப்பி டம்ளர் சாய்ந்தது. கொதிக்கக் கொதிக்க அத்தனை காப்பியும் அவருடைய இடது பாதத்தில் கொட்டியது.

"ஐயையோ, கால்!" என்று அலறினாள் குமுதவல்லி. ஸ்ரீரங்கன் துள்ளி எழுந்துவிட்டான்.

"தட்டை விடுடீன்னா விடமாட்டே?" என்று ஸ்ரீநிவாசராகவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க கால் மேலே!" என்றான் ஸ்ரீரங்கன்.

"என் காலுக்கு என்ன?"

எல்லாரும் கீழே பார்த்ததால் அவரும் பார்த்தார். கட்டு பழுப்பாக நனைந்திருந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பாதத்தின் மேல்தோல் சிவந்திருந்தது. அவர் அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். வாயில் இருந்த சொஜ்ஜியை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

வலிக்கவில்லை. ஒரு துளிகூட வலிக்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஸ்ரீநிவாசராகவனுக்குத் தம் வியாதியைக் கண்டு பயம் வந்தது.

தட்டு தானாகவே அவர் கையிலிருந்து மகள் கைக்குப் போயிற்று.

பத்மாசனி தட்டைத் தூர வைத்துவிட்டு, கூஜாத் தண்ணீரை அப்படியே பாதத்தில் ஊற்றினாள். பட்டுப்புடவை நனைந்தது. கோமளம் இன்னொரு குடத்தோடு ஓடிவந்தாள். அழுதுகொண்டே ஊற்றினாள்.

குமுதவல்லி எழுந்து நின்றாள். "நீங்க பார்த்துக்கோங்கோ. நாங்க கிளம்பறோம். பரம்பரை வியாதி உள்ள இடம்னு தரகர் சொல்லியிருந்தா இந்த வெயில்ல பஸ் பிடிச்சு வந்திருக்கவே மாட்டோம்."

தரையில் உட்கார்ந்தபடியே பத்மாசனி நிமிர்ந்தாள். "மறைச்சது தப்பு மாமி. அதுக்கு மன்னிச்சுக்கோங்கோ. ஆனா வியாதி தப்பில்லை. எனக்கும் ஒருநாள் வரலாம். வந்தா என்ன சாப்பிடணும், என்ன சாப்பிடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். உங்காத்துல யாருக்காவது வந்தா உங்களுக்குத் தெரியுமா?"

"எங்காத்துல யாருக்கும் வராது!"

"வராம இருக்கட்டும்."

"பேசறதைப் பாரு! டேய் ரங்கா, கிளம்பு."

"குமுதவல்லி அம்மா" என்றார் ஸ்ரீநிவாசராகவன். அவர் குரல் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "ஒரு நிமிஷம். எனக்குச் சர்க்கரை இருக்கு. ஆறு வருஷமா இருக்கு. என் பெண் சொன்னது அத்தனையும் நிஜம். நான் சொன்னதுதான் பொய். இனிமே இந்த ஆத்துக்கு யார் பெண் பார்க்க வந்தாலும் வாசல்லயே இதைச் சொல்லித்தான் உள்ளே கூப்பிடுவேன். அதைக் கேட்டுட்டு ஓடறவாளுக்கு என் பெண்ணைக் கொடுக்கறதா இல்லை."

குமுதவல்லி விருட்டென்று வாசலைத் தாண்டினாள். ஸ்ரீரங்கன் தயங்கினான், பத்மாசனியைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தான். "ரங்கா!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அவன் போனான். தேசிகாச்சாரி தட்டில் மிச்சமிருந்ததை ஒரே வாயாக முடித்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கடைசியாகப் போனார்.

*

வீடு அமைதியாகிவிட்டது. கோமளம் சமையலறைக்குப் போனாள். சொஜ்ஜி உருளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது உருளி காலியாக இருந்தது.

"பக்கத்தாத்து நாராயணனோட பசுவுக்குக் கொட்டிட்டேன்" என்றாள். "இனிமே இங்கே தித்திப்பு யாருக்கும் கிடையாது. எனக்கும்தான். இந்த மனுஷர் கேட்டா எதுவும் கொடுக்க மாட்டேன். எதுவும்!"

கடைசி 'எதுவும்' எதைக் குறித்தது என்று மூவருக்கும் தெரியும். பத்மாசனிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"கோமளம்" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "அந்த அடை இருக்கா?"

ஆறிப்போன அடை வந்தது. ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். வெகு நேரம் மென்றார்.

"நன்னாவே இல்லை" என்றார். இன்னொரு துண்டு கிள்ளினார்.

"நன்னா இல்லாட்டாலும் சாப்பிடுங்கோ" என்றாள் மகள்.

"சாப்பிட்டுண்டுதானேடி இருக்கேன். ரொம்ப அதிகாரம் பண்ணாதே."

பேசிக்கொண்டே அவர் வாசற்பக்கம் பார்த்தார். நடைப்படி ஓரத்தில் ஒரு தோல்செருப்பு கிடந்தது. ஆண்பிள்ளைச் செருப்பு, வலதுகால். ஒன்றுதான் இருந்தது.

"அது யாரோடது?"

கோமளம் எட்டிப்பார்த்தாள். "பையனோட அப்பாவோடது மாதிரி இருக்கு. போற அவசரத்துல ஒத்தைச் செருப்பை விட்டுட்டுப் போயிட்டார் பாருங்கோ!"

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஸ்ரீநிவாசராகவன் கையில் இருந்த அடையைக் கீழே வைத்தார். போன ஐப்பசியில் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவருடைய செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுபோயிற்று. வீட்டு வாசலுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் அவருக்கே தெரிந்தது. மறதி என்று அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறதி இல்லை, காலில் உணர்ச்சியே இல்லை என்பது இப்போது புரிந்தது.

"பத்மா, எடுத்துண்டு ஓடு!" என்று கத்தினார்.

"எதுக்குப்பா? வேணும்னா அவாளே வரட்டும்."

"ஓடுன்னா ஓடுடி! அவர் வந்ததுல இருந்து எத்தனை செம்பு தண்ணி குடிச்சார் பார்த்தியா? கால்ல செருப்பு இல்லைன்னு அவருக்குத் தெரியலைடி!"

பத்மாசனிக்குச் சட்டென்று உறைத்தது. நனைந்த புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பின்னால், பார்க்கப்பட்ட பெண் கையில் செருப்போடு ஓடியதைக் காம்ப் ரோடு அன்றுதான் பார்த்தது. வெற்றிலைபாக்குக் கடைக்காரர் கடையைவிட்டு இறங்கியே வந்துவிட்டார்.

சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்தது. குமுதவல்லி முன்னால் வேகமாக நடந்தாள், மகன் அவளுக்குப் பின்னால். நாலடி தள்ளி, குடையைப் பிடித்துக்கொண்டு தேசிகாச்சாரி சாவகாசமாக நடந்துகொண்டிருந்தார்.

"மாமா! நில்லுங்கோ மாமா!"

குமுதவல்லி திரும்பினாள். கையில் செருப்பைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது. "இன்னும் என்னடி பாக்கி? நடுரோட்டுல செருப்பைத் தூக்கிண்டு வரியா?"

பத்மாசனி அவளைப் பார்க்கவே இல்லை. தேசிகாச்சாரியின் எதிரே போய் நின்று, மூச்சு வாங்க, செருப்பை அவர் காலடியில் வைத்தாள்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இடதுகாலில் செருப்பு இருந்தது. வலதுகால் வெறுங்காலாகத் தாரின் மேல் பதிந்திருந்தது. உள்ளங்காலின் ஓரத்தில் கருப்பாகத் தார் ஒட்டியிருந்தது.

"மாமா" என்றாள் பத்மாசனி. அவள் குரலில் கோபம் இல்லை. "இவ்வளவு தூரம் நடந்திருக்கேளே, கால் சுடலையா?"

தேசிகாச்சாரி தம் பாதத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கடைசியில் பத்மாசனியிடம் திரும்பினார்.

"ஏம்மா," என்றார், "சுடணுமா?"